தூரம் ஒன்று, நேரம் பல!

“திருச்சியிலிருந்து மதுரைக்கு எவ்வளவு தூரம்?” என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். மைல் கணக்கில் பதில் சொல்பவர் அபூர்வம். “பஸ் ஏறினால் இரண்டரை மணி” என்பார் ஒருவர். “ரயில் கிடைத்தால் சௌகரியமாகப் போகலாம்” என்பார் இன்னொருவர். பிரயாணிக்கு வேண்டியது நேரம், மைல் அல்ல. தரையில் இந்தக் கணக்கினால் பெரிய கோளாறு எதுவும் வந்துவிடாது. போவதற்கு இரண்டரை மணி என்றால் திரும்பி வருவதற்கும் ஏறக்குறைய அதே இரண்டரை மணிதான்.

ஆகாய மார்க்கத்தில் அப்படி இல்லை. அதே இரண்டு ஊர்கள், அதே விமானம், அதே வேகம். ஆனாலும் போவதற்கு ஒரு நேரம், வருவதற்கு வேறு நேரம். அந்த வித்தியாசம் சில நாட்களில் ஒரு மணிக்கும் மேலாகிவிடுகிறது. அளந்து நிரப்பிய எரிபொருளோடு நடுச் சமுத்திரத்துக்கு மேல் பறப்பவர்களுக்கு அந்த ஒரு மணி உயிர்ப் பிரச்னை.

இதைத் தெளிவாகக் காட்டும் இரண்டு ஊர்கள் உலகத்தில் உண்டு. ஒன்று, வட அமெரிக்காவின் கிழக்கு ஓரத்தில், நியூபவுண்ட்லாந்து தீவிலுள்ள கேண்டர். மற்றொன்று, ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், அயர்லாந்து தேசத்திலுள்ள ஷானன். இரண்டும் பெரிய பட்டணங்கள் அல்ல. கேண்டரின் ஜனத்தொகை ஏறக்குறைய 12,000. ஷானனில் சுமார் 10,000. நம் பக்கத்தில் ஒரு சிறிய பேரூரின் அளவுதான். ஆனால் இரண்டு ஊர்களிலும் ராட்சச ஜெட் விமானங்கள் இறங்கக்கூடிய ஓடுபாதைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் அட்லாண்டிக் சமுத்திரம்தான்.

தூரம் ஏறக்குறைய 1,975 மைல். கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 3,180. அந்த எண் என்றைக்கும் மாறியதில்லை. அதைக் கடக்க ஆகும் நேரம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த மாற்றத்தோடு இந்த இரண்டு ஊர்களின் தலையெழுத்தும் மாறியது.

உருண்டையின் மேல் ஒரு நூல்

முதலில் தூரத்தைப் பார்ப்போம். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் கேண்டருக்கும் ஷானனுக்கும் நடுவே ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் நேர்கோடு ஒன்று கிடைக்கும். விமானங்கள் அந்தக் கோட்டில் போவதில்லை. பூமி தட்டையல்ல; உருண்டை. மேஜை மேல் வைக்கும் பூகோள உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களின் மேலும் நூலின் இரண்டு முனைகளை வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் கேண்டரிலிருந்து வடகிழக்காகக் கிளம்பி, வடக்குப் பக்கம் சற்றே வளைந்து, கடைசியில் லேசாகத் தெற்கே இறங்கி அயர்லாந்தை எட்டும். அதுதான் மிகக் குறுகிய வழி. காம்பஸ் முள்ளை ஒரே திசையில் வைத்துக்கொண்டு போவதைவிட இந்த வளைந்த வழி 30 மைலுக்குச் சற்று அதிகமாக மிச்சப்படுத்துகிறது. இன்னும் தூரமான ஊர்களுக்கு நடுவே மிச்சம் நூற்றுக்கணக்கான மைல்களாகும்.

இப்போது அதே நூலின் ஒரு முனையை நியூயார்க்கிலும் மறு முனையை லண்டனிலும் வைத்துப் பாருங்கள். நூல் நியூபவுண்ட்லாந்தையும் அயர்லாந்தையும் தொட்டுக்கொண்டு போகும். அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் ஆகாயப் பாதையில் தண்ணீருக்கு முன்பு கடைசித் தரை ஒன்று, தண்ணீருக்குப் பின்பு முதல் தரை மற்றொன்று. ஒரே மூச்சில் நெடுந்தூரம் பறக்க முடியாத அந்தக் காலத்து விமானங்கள், சமுத்திரத்தைத் தாண்டுவதற்கு முன்பு ஓரிடத்தில் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். தாண்டிய பிறகு ஓரிடத்தில் இளைப்பாற வேண்டும். ஷானனும் கேண்டரும் பிறந்தது இந்தத் தேவையினால்தான்.

16 மணி நேரப் பிரயாணம்

இந்தத் தண்ணீரை நிற்காமல் விமானத்தில் முதலில் தாண்டியவர்கள் இரண்டு பிரிட்டிஷ்காரர்கள்: ஜான் ஆல்காக், ஆர்தர் பிரௌன். 1919-ஆம் வருஷம் ஜூன் 14-ஆம் தேதி, நியூபவுண்ட்லாந்தின் தலைநகரான செயின்ட் ஜான்ஸ் நகருக்கு அருகில் ஒரு புல்வெளியிலிருந்து அவர்கள் கிளம்பினார்கள். முதல் உலக யுத்தத்துக்காகக் கட்டப்பட்ட ‘விக்கர்ஸ் விமி’ என்ற குண்டுவீச்சு விமானம். இரட்டை இறக்கை, திறந்த கூண்டு. கிளம்பிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கம்பியில்லாத் தந்திக் கருவி செயலிழந்துவிட்டது. மூடுபனியும் மேகமும் சூழ்ந்துகொண்டன. அகப்பட்ட நேரத்தில் சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்து, பிரௌன் தாங்கள் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டார்.

மறுநாள் காலை அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிளிஃப்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் பசும்புல் தரை தெரிந்தது. நல்ல மைதானம் என்று நினைத்து ஆல்காக் இறக்கினார். அது சதுப்பு நிலம்! விமானத்தின் மூக்கு சேற்றில் புதைந்தது. ஆட்கள் இருவருக்கும் ஆபத்து ஒன்றும் இல்லை. சுமார் 1,890 மைல். ஏறக்குறைய 16 மணி நேரம். சராசரி வேகம் மணிக்கு 120 மைலுக்கும் குறைவு. அந்த வேகத்துக்கே பின்காற்று கைகொடுத்திருந்தது. ‘டெய்லி மெயில்’ பத்திரிகை அறிவித்திருந்த 10,000 பவுன் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இருவருக்கும் ‘சர்’ பட்டம் கொடுத்தார். ஆனால் ஆல்காக் அந்தப் புகழை அதிக நாள் அனுபவிக்கவில்லை. அதே வருஷம் டிசம்பரில் வேறொரு விமான விபத்தில் அவர் இறந்துபோனார்.

ஒரே நாளில் இரண்டு கணக்கு

வழக்கமாகப் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல முடியுமா என்ற சோதனை 18 வருஷங்களுக்குப் பிறகு நடந்தது. அப்போது தண்ணீரில் இறங்கி ஏறும் விமானங்கள்தான் கடல் கடக்க ஏற்றவை என்று கருதினார்கள். ‘பறக்கும் படகு’ என்று அவற்றுக்குப் பெயர். ஷானன் நதியின் கழிமுகத்தில், இன்றைய விமான நிலையத்துக்கு எதிர்க்கரையில் ஃபாயின்ஸ் என்ற சிறு துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து 1937 ஜூலை 5-ஆம் தேதி மாலை பிரிட்டிஷ் கம்பெனியின் ‘காலிடோனியா’ மேற்கே கிளம்பியது. நியூபவுண்ட்லாந்தில் கேண்டருக்கு வடமேற்கே உள்ள பாட்வுட் துறையிலிருந்து அமெரிக்கக் கம்பெனியின் ‘கிளிப்பர்’ கிழக்கே கிளம்பியது. இரண்டும் ஒரே இரவில், ஒரே சமுத்திரத்தின் மேல், எதிரும் புதிருமாகப் பறந்தன.

மறுநாள் முடிவு தெரிந்தது. மேற்கே போன காலிடோனியாவுக்குச் சுமார் 15 மணி நேரம் ஆயிற்று. கிழக்கே வந்த கிளிப்பருக்கு ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரந்தான்! விமானங்கள் வேறு வேறு என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டரை மணி வித்தியாசத்தில் பெரும் பங்கு காற்றினுடையது.

காவிரியில் பரிசல் ஓட்டுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆற்றோடு போகும்போது துடுப்பைச் சும்மா வைத்திருந்தாலும் பரிசல் நகரும். எதிர்த்து வரும்போது தோள் வலிக்கத் துழாவினாலும் கரை மெல்லத்தான் நகரும். வட அட்லாண்டிக்கின் மேல் ஆகாயமும் ஓர் ஆறுதான். அது பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. பூமத்திய ரேகைப் பக்கம் வெப்பம். துருவத்தின் பக்கம் கடுங்குளிர். இந்த வித்தியாசமும் பூமி தன்னைத்தானே சுற்றுவதும் சேர்ந்து அந்தக் காற்றை உண்டாக்குகின்றன. முப்பதாயிரம், நாற்பதாயிரம் அடி உயரத்தில் அதன் வேகம் மிக அதிகம். குளிர்காலத்தில் சில நாட்களில் மணிக்கு 200 மைலையும் தாண்டிவிடும்.

பாதி வழி எங்கே?

எதிர்க்காற்றில் நாலு இன்ஜின் விமானம் ஒன்று ஷானனிலிருந்து கேண்டருக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாவிட்டால் அதன் வேகம் மணிக்கு 300 மைல். எதிர்க்காற்றின் வேகம் மணிக்கு 60 மைல். அப்படியானால் முன்னே போகும்போது வேகம் 240. திரும்பி ஓடினால் 360.

நடுக்கடலில் ஓர் இன்ஜின் நின்றுவிடுகிறது. முன்னே போவதா, திரும்புவதா? தூரத்தில் பாதி வழி 987 மைல். அதைத் தாண்டிவிட்டால் முன்னே போவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். அது தவறு. 987 மைலில் நின்று கணக்குப் போட்டால், முன்னே போக 4 மணிக்கு மேல் ஆகும். திரும்பிப் போக 3 மணிகூட ஆகாது. இரண்டும் சமமாகிற இடம் ஷானனிலிருந்து 1,185 மைலில் இருக்கிறது. அங்கிருந்துதான் எந்தப் பக்கம் போனாலும் 3 மணி 17 நிமிடம். படத்தில் தெரியும் பாதி வழிக்கும், நேரக் கணக்கின் பாதி வழிக்கும் நடுவே 200 மைல் வித்தியாசம்! காற்று மாறினால் இந்தப் புள்ளியும் நகர்ந்துவிடும். அந்தக் காலத்தில் விமானியின் பக்கத்தில் வழி கணிப்பவர் என்று தனியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். பென்சிலும் கையுமாக இரவு முழுவதும் அவர் போட்ட கணக்குகளில் முக்கியமானது இதுதான்.

இதைவிடக் கடுமையான புள்ளி இன்னொன்று உண்டு. அதைத் தாண்டிவிட்டால், கைவசம் இருக்கும் எரிபொருள் புறப்பட்ட ஊருக்குத் திரும்பப் போதாது. எப்படியாவது முன்னே போய்த்தான் ஆக வேண்டும்.

முன்னேயும் போக முடியாமல், பின்னேயும் போக முடியாமல் ஒரு விமானம் அகப்பட்டுக்கொண்டது. 1947 அக்டோபரில் ‘பெர்முடா ஸ்கை குவீன்’ என்ற பறக்கும் படகு ஃபாயின்ஸிலிருந்து கேண்டரை நோக்கிக் கிளம்பியது. பிரயாணிகள் 62 பேர். சிப்பந்திகள் 7 பேர். எதிர்பார்த்ததைவிட எதிர்க்காற்று பலமாக இருந்தது. மணிக்கணக்காகப் பறந்த பிறகு, இருக்கும் எரிபொருள் கேண்டருக்கும் எட்டாது, அயர்லாந்துக்கும் எட்டாது என்று தெரிந்தது.

நல்ல வேளையாக நடுக்கடலில் ‘பிப்’ என்ற அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பல் நின்றுகொண்டிருந்தது. காற்றையும் வானிலையையும் அளந்து விமானங்களுக்குச் சொல்வதற்காகவே அட்லாண்டிக்கில் ஆங்காங்கே நிறுத்தப்பட்டிருந்த கப்பல்களில் அது ஒன்று. விமானி அந்தக் கப்பலைத் தேடிக்கொண்டு போய், அக்டோபர் 14-ஆம் தேதி காலை, மலைபோல் எழும்பிய அலைகளின் நடுவே விமானத்தை இறக்கினார். ரப்பர்த் தெப்பத்தைக் கொண்டு கொஞ்சங் கொஞ்சமாக ஆட்களை மீட்டார்கள். இருட்டிவிட்டதால் மிச்சமிருந்தவர்கள் ஆடிக்கொண்டிருந்த விமானத்திலேயே ஓர் இரவைக் கழிக்க நேர்ந்தது. மறுநாள் அவர்களும் கரையேற்றப்பட்டார்கள், அதாவது, கப்பலேற்றப்பட்டார்கள். 69 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை.

காட்டின் நடுவே ஒரு நாற்சந்தி

கேண்டர் என்ற சொல்லுக்கு ஆண் வாத்து என்று பொருள். 1935-இல் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அங்கே ஊர் என்று ஒன்றும் இல்லை. காடும் சதுப்பும், பக்கத்தில் ஒரு ரயில் பாதை, அவ்வளவுதான். கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருந்ததால் மூடுபனித் தொல்லை குறைவு. சாமான்களைக் கொண்டு வர ரயில் இருந்தது. 1936-இல் வேலை ஆரம்பமாயிற்று. 1938 ஜனவரி 11-ஆம் தேதி முதல் விமானம் வந்து இறங்கியது. அப்போது நியூபவுண்ட்லாந்து கனடாவைச் சேர்ந்ததல்ல, 1949-இல்தான் சேர்ந்தது.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. அமெரிக்காவில் கட்டப்பட்ட போர் விமானங்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பினால் ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துவிடும். பறந்தே போய்விட்டால் என்ன? 1940 நவம்பர் 10-ஆம் தேதி இரவு கேண்டரிலிருந்து ஏழு ‘ஹட்ஸன்’ விமானங்கள் கிளம்பின. மறுநாள் ஏழும் பத்திரமாக வட அயர்லாந்தில் இறங்கின. அதன் பிறகு யுத்தம் முடியும் வரையில் ஆயிரக்கணக்கான விமானங்கள் அதே வழியில் போயின.

யுத்தம் முடிந்ததும் பிரயாணிகளின் காலம் பிறந்தது. 1945 அக்டோபர் 24-ஆம் தேதி முதல் வாடிக்கையான பிரயாணி விமானம் ஷானன் வழியாகச் சென்றது. அது ‘டக்ளஸ் டி.ஸி.4’ ரகம். மணிக்கு 220 மைல் என்று வைத்துக்கொண்டால், காற்றில்லாத நாளில் கேண்டரிலிருந்து ஷானனுக்கு 9 மணி நேரம். பின்னால் வந்த ‘கான்ஸ்டலேஷன்’ போன்ற விமானங்கள் மணிக்கு 300 மைல் போயின. 9 மணி நேரம் ஆறரை மணியாகக் குறைந்தது. ஆனாலும் நின்று எரிபொருள் நிரப்பாமல் முடியாது. அரசர்களும் மந்திரிகளும் சினிமா நட்சத்திரங்களும் நள்ளிரவில் கேண்டரில் இறங்கிக் கால் நீட்டிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். ‘உலகத்தின் நாற்சந்தி’ என்று அந்த ஊருக்குப் பெயர் வந்தது. ஊரின் தெருக்களுக்கும் ஆல்காக், லிண்ட்பர்க், இயர்ஹார்ட் என்று விமானிகளின் பெயர்களையே வைத்தார்கள்.

ஷானனிலும் அப்படித்தான். அங்கே பிரண்டன் ஓரீகன் என்ற கெட்டிக்காரர் இருந்தார். விமானம் எரிபொருள் நிரப்பும் நேரத்தில் பிரயாணிகள் சும்மாதானே இருக்கிறார்கள்? அவர்கள் எந்த நாட்டுக்குள்ளும் நுழையவில்லை. அப்படியானால் அவர்களிடம் வரி எதற்கு? 1947-இல் அயர்லாந்து அரசாங்கம் இதற்கென்றே சட்டம் செய்தது. இன்று உலகமெங்கும் விமான நிலையங்களில் காணப்படும் தீர்வையற்ற கடைகளுக்குத் தாய்வீடு ஷானன்தான்.

வேகம் வந்தது, கூட்டம் போயிற்று

1958 அக்டோபர் 4-ஆம் தேதி ‘காமெட்’ என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானம் அட்லாண்டிக்கில் பிரயாணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு எங்கும் நிற்காமல் 6 மணி 12 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அதே நாள் லண்டனிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பிய மற்றொரு காமெட், எதிர்க்காற்றில் கேண்டரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போய்ச் சேர 10 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதே மாதம் ‘போயிங் 707’ வந்தது. சில வருஷங்களில் இரண்டு திசையிலுமே நிற்க வேண்டிய அவசியம் மறைந்தது.

கேண்டரின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. பெருகி வந்த பிரயாணிக் கூட்டத்துக்காக அங்கே புதிய நிலையக் கட்டடம் ஒன்று கட்டினார்கள். பளிங்குபோல் தரை, புதுமையான நாற்காலிகள், 72 அடி நீளச் சுவர்ச் சித்திரம். 1959 ஜூன் மாதம் எலிஸபெத் ராணி அதைத் திறந்து வைத்தார். அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே, அந்தக் கட்டடத்துக்கு வேலையில்லாமல் செய்யப்போகும் ஜெட் விமானங்கள் தலைக்கு மேல் பறக்க ஆரம்பித்துவிட்டன!

யோசித்துப் பாருங்கள். இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருந்த தூரந்தான் அவற்றுக்குச் சோறு போட்டது. தூரம் அப்படியே இருக்க, நேரம் ஆறரை மணியிலிருந்து மூன்றரை மணியாகக் குறைந்ததும் சோற்றுக்கே ஆபத்து வந்துவிட்டது. இன்ஜினைச் செப்பனிடுகிறவர், எரிபொருள் நிரப்புகிறவர், சமையல்காரர், ஹோட்டல் பணியாளர் எல்லோரும் நடு இரவில் வந்து இறங்கும் விமானங்களை நம்பியே குடியேறியவர்கள். விமானம் நிற்காவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

ஷானன் அடுத்த யோசனையைக் கண்டுபிடித்தது. விமானம் தானாக நிற்காவிட்டால், நிற்கும்படியான சரக்கை நாமே உண்டாக்குவோம் என்று ஓரீகன் முதலானோர் முடிவு செய்தார்கள். 1959-இல் விமான நிலையத்தை ஒட்டி வரிச் சலுகையோடு ஒரு தொழிற்பேட்டை ஏற்பட்டது. தொழிற்சாலைகள் வந்தன, தொழிலாளிகளுக்காக 1960-களில் ஒரு புதிய ஊரே எழுந்தது. அந்த ஊர்தான் இன்றைய ஷானன். நம் நாட்டில் 1965-இல் குஜராத்தின் காண்ட்லாவில் ஏற்பட்ட ஏற்றுமதி வலயமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். இதல்லாமல், அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்துக்கு வரும் விமானங்கள் ஷானனில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று அரசாங்க விதி ஒன்றும் பல காலம் இருந்தது. அது படிப்படியாகத் தளர்ந்து 2008-இல் முற்றிலும் நீங்கியது.

கேண்டருக்கு அப்படிப்பட்ட தொழிற்பேட்டை வாய்க்கவில்லை. சோவியத் யூனியனுக்கும் க்யூபாவுக்கும் நடுவே பறந்த விமானங்கள் பல வருஷங்கள் அங்கே நின்று போயின. ராணுவ விமானங்களும் சிறிய விமானங்களும் இன்றும் நிற்கின்றன.

இன்றைய கணக்கு

இன்று இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே நேரடியாகப் பிரயாணி விமானம் ஓடுவதில்லை. ஓடினால் எவ்வளவு நேரம் ஆகும்? ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 550 மைல் என்று கொள்வோம். காற்றில்லாவிட்டால் 3 மணி 35 நிமிடம். மணிக்கு 100 மைல் காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 650. நேரம் 3 மணி 2 நிமிடம். அதே காற்றை எதிர்த்துத் திரும்பினால் வேகம் 450. நேரம் 4 மணி 23 நிமிடம். தரையில் ஊர்ந்து போவதற்கும், ஏறி இறங்குவதற்கும் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘போகும்போது லாபம், வரும்போது நஷ்டம், இரண்டும் சரிக்குச் சரி’ என்று நினைக்கலாம். கூட்டிப் பாருங்கள். காற்றில்லாத நாளில் போக வர 7 மணி 10 நிமிடம். காற்றுள்ள நாளில் 7 மணி 25 நிமிடம். கால் மணி நஷ்டம்! எதிர்க்காற்றில் பறக்கும் நேரம் அதிகம். ஆகவே அது செய்யும் கெடுதலும் அதிகம். பின்காற்று உதவி செய்யும் நேரமோ குறைவு.

கடிகாரமும் தன் பங்குக்கு விளையாடும். நம் இந்தியாவைப் போலவே நியூபவுண்ட்லாந்தும் அரை மணிக் கணக்கு வைத்திருக்கும் பிரதேசம். அயர்லாந்துக்கும் அதற்கும் மூன்றரை மணி வித்தியாசம். காலை 9 மணிக்கு ஷானனில் ஏறி, 4 மணி நேரம் பறந்து கேண்டரில் இறங்கினால் அங்கே மணி ஒன்பதரை. அரை மணியில் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டதுபோல் இருக்கும். திரும்பும்போது அந்த மூன்றரை மணியைக் கணக்கோடு கொடுத்துவிட வேண்டியதுதான்.

1958-இன் கதை நம் காலத்திலும் திரும்ப நடந்தது. லண்டன் நகரின் நடுவே உள்ள குறுகிய ஓடுபாதையிலிருந்து 2009-இல் நியூயார்க்குக்கு ஒரு சிறிய ஜெட் விமானம் விட்டார்கள். ஆசனங்கள் 32. நிறைய எரிபொருளோடு அந்த ஓடுபாதையில் மேலே எழும்ப முடியாது. ஆகவே மேற்கே போகும்போது ஷானனில் நின்று நிரப்பிக்கொண்டது. கிழக்கே திரும்பும்போது நிற்கவில்லை. 2020 வரை அது ஓடிற்று.

ஒதுங்கும் இடம்

நாலு இன்ஜின்களுக்குப் பதில் இரண்டே இன்ஜின்கள் உள்ள விமானங்கள் சமுத்திரத்தைத் தாண்டலாம் என்று 1985-இல் அனுமதி வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. ஓர் இன்ஜின் நின்றாலும் மற்றொன்றைக் கொண்டே குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்ட வேண்டும். அதற்காகக் குறித்து வைத்திருக்கும் நிலையங்களில் கேண்டரும் ஷானனும் உண்டு. நடுவானில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தாலும் விமானங்கள் அங்கேதான் இறங்குகின்றன.

அதே 1985, இரண்டு ஊர்களுக்கும் துக்க வருஷமாகவும் அமைந்தது. ஜூன் 23-ஆம் தேதி, கனடாவிலிருந்து லண்டன் வழியாக இந்தியா நோக்கி வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம், ஷானன் கட்டுப்பாட்டு நிலையத்துடன் பேசிய சில நிமிடங்களில் ரேடார் திரையிலிருந்து மறைந்தது. வெடிகுண்டு அதை அயர்லாந்துக் கரைக்கு அப்பால் நடுவானில் சிதறடித்துவிட்டது. 329 பேரும் மாண்டார்கள். டிசம்பர் 12-ஆம் தேதி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு கேண்டரிலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று உடனே விழுந்து நொறுங்கியது. 256 பேர் இறந்தார்கள். அவர்களில் 248 பேர் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள்.

2001 செப்டம்பர் 11-ஆம் தேதி அமெரிக்கா தன் ஆகாயத்தை மூடியது. அட்லாண்டிக்கின் மேல் பறந்துகொண்டிருந்த விமானங்களில் பாதி வழியைத் தாண்டியவற்றுக்குத் திரும்பிப் போகவும் முடியாது. அமெரிக்காவில் இறங்கவும் அனுமதி இல்லை. 38 பிரயாணி விமானங்கள் கேண்டரில் இறங்கின. பிரயாணிகளும் சிப்பந்திகளுமாக ஏறக்குறைய 6,600 பேர். ஊரின் ஜனத்தொகையோ அப்போது சுமார் 10,000!

கேண்டர் கலங்கவில்லை. வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த பள்ளி பஸ் டிரைவர்கள் போராட்டத்தை நிறுத்திவிட்டு வண்டியை எடுத்தார்கள். பள்ளிக்கூடங்களும் மாதா கோயில்களும் சத்திரங்களாயின. பனிச்சறுக்கு விளையாடும் மண்டபம் உணவு கெடாமல் வைக்கும் கிடங்காயிற்று. சுற்றுப்புறத்துச் சிற்றூர்களும் ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டு விருந்தோம்பின. நாலைந்து நாட்கள் இப்படி நடந்தது. இந்தக் கதை பிற்பாடு ஓர் இசை நாடகமாகி 2017-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்கு வந்தது. ஜெட் யுகத்தில் இவ்வளவு நீளமான ஓடுபாதையை யாருக்காக வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அந்த ஒரு வாரம் பதில் சொல்லிற்று.

இன்று ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கும் அதிகமான விமானங்கள் இந்தச் சமுத்திரத்தைத் தாண்டுகின்றன. அவை போகும் வழிகள் அன்றன்றைய காற்றைப் பார்த்து வகுக்கப்படுகின்றன. பின்காற்றைப் பிடிக்கக் கிழக்கு வழி ஒருபுறம்; எதிர்க்காற்றுக்கு ஒதுங்க மேற்கு வழி வேறொருபுறம். 2019 முதல் செயற்கைக் கோள்களின் மூலம் நடுக்கடலிலும் விமானங்கள் இருக்கும் இடம் தெரிகிறது. ஆனாலும் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளும் முறை பழையதுதான். மேற்கு தீர்க்கரேகை 30 பாகை எல்லை. அதற்கு மேற்கே கேண்டரின் ஆட்சி. கிழக்கே ‘ஷான்விக்’, ஷானன், ஸ்காட்லாந்திலுள்ள பிரஸ்ட்விக் என்ற இரண்டு பெயர்களையும் ஒட்டவைத்து உண்டான பெயர் அது.

ஆகவே லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் நியூயார்க்குக்குப் போகும் விமானங்கள் இந்தச் சிற்றூர்களில் நிற்பதில்லை என்றாலும், இவற்றின் பெயரைச் சொல்லாமல் போவதும் இல்லை. ஜன்னலோரம் இருப்பவர் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்குகிறார். முன்னே விமானியின் அறையிலிருந்து, எந்த இடம், எத்தனை அடி உயரம், அடுத்த புள்ளியை எத்தனை மணிக்கு எட்டுவோம் என்ற தகவல் கீழே போகிறது. கேண்டரிலும் ஷானனுக்கு அருகிலுள்ள வானொலி நிலையத்திலும் இரவு முழுவதும் ஆட்கள் விழித்திருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.